அரிசி டிரம்மில் பிடித்த இரண்டு நிமிடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கிற கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பதினான்கு வருஷமாக அங்கே ஒரு சந்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியில் போட்ட போனைத் துடைத்துக் கொண்டுவந்து, "கௌசல்யாக்கா, சும்மாதான் வச்சிருந்தேன், அதுவா அணைஞ்சிருச்சு" என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அகரம் மலைச்சாமி அண்ணனிடம் மட்டும் நான் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. அப்படி விழுகிற மாதிரி அவர் ஒன்றும் பேசவே மாட்டார். போயும் போயும் அந்த மனிதருக்குத்தான் நான் அப்படி ஒரு காரியம் செய்து வைத்தேன்.

மலைச்சாமி அண்ணன் மைக் செட் போடுகிறவர். தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் அகரத்தில் வீடு, அரை ஏக்கர் கத்தரிக்காய்த் தோட்டம், பொன்னழகு என்று ஒரு நல்ல மனைவி. இருபது வயதில் தென்னை மரம் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டத் தொடங்கியவர், ஐம்பத்தேழு வயதிலும் ஏறிக்கொண்டிருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, சாமி கும்பிடு, எது நடந்தாலும் அந்தப் பக்கத்து ஊர்களில் அவர் செட்டுதான் பாடும். கூட ஆள் வைத்துக்கொள்ள மாட்டார். ஒயரை இழுப்பதும் அவரே, பெட்டியைத் தூக்குவதும் அவரே.

பாட்டெல்லாம் ஒரு பழைய பட்டன் போனில் இருக்கும். அந்தப் போனை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, ஒயர் வர மட்டும் ஓட்டை விட்டு, பூட்டுப் போட்டுவிடுவார். சாவி இடுப்பில் அரைஞாண் கயிற்றில் தொங்கும். இல்லாவிட்டால் விசேஷ வீட்டு இளவட்டங்கள் ஆளுக்கொரு பாட்டை மாற்றிவிடுவார்களாம். சிம் கார்டையும் கழற்றிவிடுவார். ஒருமுறை செம்பட்டியில் ஒரு கல்யாணத்தில், பாட்டுக்கு நடுவே போன் வந்து, ரிங்டோன் ஊரெல்லாம் கேட்டுவிட்டது. அதிலிருந்து அந்த வழக்கம்.

இத்தனை ஜாக்கிரதையான ஆளுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தப்பு நடந்துவிட்டது. அவருடைய ஒரே தங்கை அழகம்மாள் அதே அகரத்தில் மூன்று தெரு தள்ளி இருக்கிறார். தங்கை புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அண்ணன் செட்டு இல்லாமலா? விடிவதற்கு முன்பே போய்க் குழாய் கட்டினார். காலை எட்டு மணி வரை யாரும் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுக்கவில்லை. பசி எரிச்சலில் பக்கத்தில் நின்ற யாரிடமோ, "மாப்பிள்ளை மாடி வச்சுல்ல வீடு கட்டிட்டாரு, ஒரு வாய் காப்பித் தண்ணி குடுக்க மனசு வரலை பாரு" என்று முணுமுணுத்தார். மைக் அணையவில்லை. நாலு குழாயிலும் அது கணீரென்று போய்விட்டது. தங்கை கணவர் முருகன் அப்போது அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில், மணையில் உட்கார்ந்திருக்கிறார்.

அழகம்மாள் வாசலுக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டார். "நீயெல்லாம் ஒரு கூடப்பொறந்தவனா? எங்க வீட்டு மானத்தை ஊருக்கே ஒலிபரப்பிட்டியேடா பாவி! இனி இந்த வாசப்படிய மிதிச்ச, நான் மனுசியா இருக்க மாட்டேன்!" அதுவும் மைக்கில்தான் போனது. அண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குப் போன பேச்சுதான். தங்கை வீட்டுத் தெரு வழியாகப் போகக் கூசி, ஆறு வருஷமாகக் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் தோட்டத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவருக்கு மைக்கைக் கண்டாலே பயம். விசேஷ வீட்டில் மைக்கை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடைக்கு வந்து, "தாயி, இந்தப் போன்ல எந்தச் சத்தமும் இல்லாம ரெக்கார்டு பண்ணணும்னா எங்க வச்சுப் பண்ணணும்?" என்று கேட்டார். அன்றைக்குக் கடையில் கூட்டம், மின்சாரமும் இல்லை, எனக்குத் தலை வெடித்தது. "அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடி வையுங்கண்ணே" என்று நக்கலாகச் சொன்னேன். "சரி தாயி" என்று போய்விட்டார். சத்தமே இல்லாமல் ரெக்கார்டு செய்து இந்த மனுஷன் என்னத்தைக் கேட்கப் போகிறார் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் அதை மறந்தே போனேன்.

போன ஆவணியில் போனை எடுத்துக்கொண்டு வந்தார். முகமே வேறு மாதிரி இருந்தது. சட்டைகூடத் தேய்த்துப் போட்டிருந்தார்.

"மெமரி ஃபுல்லுனு காட்டுது தாயி. மருமக கேட்ட பாட்டு ஒண்ணும் ஏற மாட்டேங்குது. பெரிய கார்டா ஒண்ணு போட்டு, இதுல இருக்கறத அதுல மாத்திக் குடு."

"எந்த மருமகண்ணே?"

"அழகம்மா மக சௌந்தர்யா. நாளைக் கழிச்சு அதுக்குக் கல்யாணம்."

நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். "உங்க தங்கச்சி கூப்பிட்டாங்களா?"

"மருமகதான் போன் போட்டுச்சு. ‘மாமா, உன் செட்டு பாடாம எனக்கு என்ன கல்யாணம்’னு அழுதுச்சு. ஆத்தாகாரிகிட்டக் கேட்டதுக்கு, ‘சீரு வந்தா வரட்டும்’னாளாம். அம்புட்டுதான். வேற ஒண்ணும் சொல்லல."

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண்ணுக்குத் தாய்மாமன் சீர்த் தட்டோடு வந்து பந்தல் வாசலில் நிற்க வேண்டும். கூடப்பிறந்தவள் நிலைப்படியில் ஆரத்தியோடு வந்து, வாய் திறந்து "வாண்ணே" என்று கூப்பிட வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் தாய்மாமன் உள்ளே கால் வைக்கக் கூடாது. ஒன்றுமண்ணாக இருக்கிற அண்ணன் தங்கைக்கு அது சும்மா ஒரு சடங்கு. இவர்களுக்கு அப்படியா?

"கூப்பிடுவாங்கண்ணே. பெத்த மக கல்யாணத்துல யாரு வீம்பு பிடிப்பாங்க?"

"கூப்பிட்டா உள்ள போவேன். கூப்பிடலைன்னா தட்ட வாசல்லயே வச்சிட்டுத் திரும்பிருவேன்." போனை என் பக்கம் நகர்த்தினார். "கூப்பிட்டா என் காதுல விழணும் தாயி. அதுதான்."

எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

"வரிசை மட்டும் மாறிரக் கூடாது. அன்னிக்கு நான் தட்டுத் தூக்கணும், செட்டுகிட்ட இருக்க முடியாது. போன் தன்னால பாடணும். பிள்ளையார் கோயில்ல இருந்து பந்தலுக்கு மூணு தடவ நடந்து பாத்துட்டேன். பதினாறாவது பாட்டு ஆரம்பிக்கவும் தட்டத் தூக்குனா, பதினேழாவது முடியவும் வாசல்ல நிப்பேன். மருமக கேட்ட பாட்டெல்லாம் பதினேழுக்கு அப்புறம் போடு. மத்தது இருக்கற வரிசையிலயே இருக்கட்டும்."

"நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு மத்த வேலையைப் பாருங்க. சாயங்காலம் வாங்க."

சும்மா சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். அந்த மாதிரிப் பட்டன் போனில், கார்டில் எந்த வரிசையில் ஏற்றுகிறோமோ அந்த வரிசையில்தான் பாடும். மொத்தமாகத் தூக்கிப் போட்டால் கலைந்துவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டாக, நோட்டில் எண் போட்டு, பழைய கார்டிலிருந்து புதுக் கார்டுக்கு ஏற்றினேன். நடுநடுவே பேர் இல்லாமல் வெறும் எண்ணோடு சில ரெக்கார்டிங்குகள் கிடந்தன, பதினான்கு இருக்கும். இரண்டு மூன்றை ஆரம்பத்தில் மட்டும் தட்டிக் கேட்டேன். ஏதோ சரசரவென்று ஒரு உரசல், அவ்வளவுதான். சட்டைப் பையில் போனைப் போட்டு, பட்டன் அமுங்கித் தானாகப் பதிவானது என்று முடிவு கட்டினேன். என்னிடம் வருகிற பாதிப் பேர் போனில் இந்தக் குப்பைதான் இருக்கும். வயசான மனுஷன், பாவம், இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று அந்தப் பதினான்கையும் ஏற்றாமல் விட்டுவிட்டேன். கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. இதில் ஒரு பெருமை வேறு எனக்கு.

சாயங்காலம் வந்து போனை வாங்கிக்கொண்டார். "ஒரு தடவ போட்டுப் பாத்துக்கங்கண்ணே" என்றேன்.

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும் தாயி" என்றார். பழைய கார்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். மேஜை டிராயரில் போட்டேன்.

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தேன். முதல் ஆளாக ஒருவர் வந்து சின்னக் கார்டு ஒன்று கேட்டார். அந்தப் பழைய கார்டை அழித்துக் கொடுக்கலாம் என்று எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். அழிப்பதற்கு முன்னால் ஒருதரம் பார்ப்பது என் பழக்கம். பார்த்தேன். அந்த ரெக்கார்டிங்குகளின் நேரம் வரிசையாகத் தெரிந்தது. இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். ஒரு வினாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சட்டைப் பையில் தானாகப் பதிவாகிறது இப்படிக் கணக்காகவா நிற்கும்? நேரம் குறித்து வைத்துப் பதிந்தது மாதிரி இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலாவதை முழுசாகக் கேட்டேன். தொடக்கத்தில் அதே சரசர. அப்புறம் ஒரு மூடி மூடுகிற சத்தம். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. கடைசி வரைக்கும் ஒன்றுமே இல்லை.

அது அரிசி. அரிசி சரிகிற சத்தம்.

அந்தப் பாவி மனுஷன் நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, போனை அரிசி டிரம்முக்குள் வைத்து மௌனத்தைப் பிடித்திருக்கிறார்! தாலி கட்டும்போது, பெரியவர்கள் பேசும்போது, பாட்டு தானாக நிற்பதற்காக அங்கங்கே சொருகி வைத்திருக்கிறார். முதல் மௌனம் எங்கே இருக்கிறது என்று வரிசையைப் பார்த்தேன். பதினேழாவது பாட்டுக்கு அடுத்து. அவர் தட்டோடு வாசலில் நிற்கிற நேரம். தங்கை வாய் திறக்கிற நேரம். அந்த இடத்தில் இப்போது சௌந்தர்யா கேட்ட குத்துப் பாட்டு இருக்கிறது, என் புண்ணியத்தில்.

போன் செய்யலாம் என்றால் சிம்மைக் கழற்றியிருப்பார். சீர் ஒன்பதரைக்குக் கிளம்பும் என்று சொல்லியிருந்தார். கார்டு கேட்டவரை, "அப்புறம் வாங்க" என்று விரட்டிவிட்டு, பழைய கார்டைப் பர்ஸில் போட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். கரூர் ரோட்டில் அன்றைக்குப் பார்த்துத்தானா அத்தனை லாரி வர வேண்டும்! வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். உனக்கு எதற்குடி இந்த வேலை, அவர் கேட்டாரா, குப்பையைப் பொறுக்கு என்று அவர் உன்னிடம் கேட்டாரா?

தாடிக்கொம்பு தாண்டித் திரும்பும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. தெருமுனையில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அண்ணன் பந்தலுக்குள் கால் வைக்காமல், செட்டைத் தெருவிலேயே வேப்பமரத்தடியில் இறக்கி வைத்திருந்தார். தகரப் பெட்டியில் பூட்டு. சாவி அவர் இடுப்பில். தெருவின் அந்தக் கடைசியில் சீர் வந்துகொண்டிருந்தது. முன்னால் வேட்டி, துண்டோடு அவர், கையில் பட்டுப்புடவையும் மாலையும் வைத்த தட்டு. பின்னால் பொன்னழகும் சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேரும். பாட்டுக்குத் தகுந்தபடி எண்ணி எண்ணி நடந்து வந்தார்.

மனுஷனுக்கு என்ன கணக்கு! பதினேழாவது பாட்டு முடியவும் அவர் கால் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. அழகம்மாள் ஆரத்தித் தட்டோடு நிலைப்படிக்கு வந்தார். அண்ணன் தலை குனிந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

டம டம டம என்று குத்துப் பாட்டு ஆரம்பித்தது.

அழகம்மாளின் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். அண்ணனுக்குக் கேட்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. அழகம்மாள் இன்னொரு தடவை, கொஞ்சம் பெரிதாக வாயைத் திறந்தார். குழாய் நாலும் அலறுகிற அலறலில் அவருக்கு என்ன கேட்கும்? அப்படியே கல்லாக நின்றார். உள்ளேயிருந்து முருகன் "வாங்க மச்சான்" என்கிற மாதிரிக் கையைக் காட்டினார். அதையும் அவர் பார்க்கவில்லை. அவர் காத்திருந்தது கையசைப்புக்கு அல்ல.

"ஏன் நிக்கிறாரு? உள்ள போக வேண்டியதுதான?" என்று என் பக்கத்தில் ஒருத்தி கத்தினாள்.

"ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு, இன்னும் வீம்பப் பாரு" என்று இன்னொருத்தி பதிலுக்குக் கத்தினாள்.

அழகம்மாள் முகம் மாறிவிட்டது. கூப்பிட்டும் அண்ணன் வர மறுக்கிறான் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பந்தல் காலில் கட்டியிருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்தேன், பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன். அசையவில்லை. யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று அந்த ஜாக்கிரதை மனுஷன் பிளக்கைச் சுற்றிக் கறுப்பு டேப்பை வரிந்து வரிந்து ஒட்டியிருந்தார். பல்லால் கடித்து, நகத்தால் கிழித்துப் பிரிக்கிறேன். கடைசிச் சுற்றும் கழன்றது. பிளக்கைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

அழகம்மாள் ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்துவிட்டு, நிலைப்படியை விட்டு இறங்கியிருந்தார். விடுவிடுவென்று அண்ணனிடம் வந்தார். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்து ஏதோ சொன்னார்.

அண்ணனுடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அழுதார்தான், ஆனால் வாயெல்லாம் சிரிப்பு. தங்கையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்புறம் அண்ணன் முழங்கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையை இழுத்துப் போகிற மாதிரி உள்ளே இழுத்துப் போனார். பாட்டு பாடிக்கொண்டே இருந்தது. நான் பிளக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

தாலி கட்டும்போது அண்ணனே வந்து பெட்டியைத் திறந்து பாட்டை நிறுத்தினார். பந்தி முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "பெரிய தப்புப் பண்ணிட்டேண்ணே. குப்பைன்னு நினைச்சு விட்டுட்டேன். ரெண்டு வார்த்தை திட்டிருங்க, எனக்கு மனசு ஆறும்."

"அதான பாத்தேன், எங்கடா என் ரெண்டு நிமிசத்தக் காணோமேன்னு" என்று சிரித்தார். திட்டவே இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"காதுல என்னண்ணே சொன்னாங்க?"

சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் மைக் இல்லையே என்று பார்த்திருப்பார் போல. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "‘ஏண்ணே, மைக்க அணைச்சிட்டியா? இல்ல, இன்னிக்கும் நம்ம அழுகறத ஊருக்கே போட்டுக் காட்டப் போறியா?’ன்னு கேட்டா தாயி. ஆறு வருசம் கழிச்சு மொதப் பேச்சு அதுதான். அதுக்கப்புறம், ‘பசியோட வந்தியா? உனக்குன்னு காப்பி எடுத்து வச்சிருக்கேன், வாண்ணே’ன்னா."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் கடைக்கு வந்தார். அந்த மௌனங்களை எல்லாம் பழைய கார்டிலிருந்து எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அதது இருந்த இடத்தில் ஏற்றினேன். தாலி கட்டுக்கு ஐந்து நிமிஷம். பெரியவர்கள் வாழ்த்துவதற்கு இரண்டு. பதினேழாவது பாட்டுக்கு அடுத்த இடம் வந்ததும் அவர் கை நீட்டி என்னைத் தடுத்தார்.

"அது மட்டும் வேணாம் தாயி. அந்த எடத்துல பாட்டே ஓடட்டும்."

"இனி வேற ஆளுக கல்யாணத்துக்கும் இதுதானண்ணே பாடும்? சீரு வந்து நிக்கும்போது கூப்பிடுறது கேக்க வேணாமா?"

"வேணாம். கூப்பிடுறவ இறங்கிக் கிட்டத்துல வந்து கூப்பிடட்டும்" என்றார்.

பதினான்கில் பதின்மூன்றை மட்டும் ஏற்றிக் கொடுத்தேன்.